வெள்ளிச் சுருளும் வெள்ளைத் தண்ணீரும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் அக்கா வீட்டுக்குப் போகிறவர்கள் செருப்பை வாசலில் கழற்றினால் மட்டும் போதாது. கழற்றிய செருப்பைக் கையில் எடுத்து, திருப்பிப் பிடித்து, அங்கே ஆணியில் தொங்கும் பிரஷால் அடிப்பாகத்தை நாலு தேய்ப்புத் தேய்த்துவிட்டுத்தான் ஓரமாக வைக்க வேண்டும். இதில் யாருக்கும் விலக்குக் கிடையாது. அக்காவின் மாமியாரே திண்ணையில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டு தேய்ப்பார்.

முதலில் இதை நான் ஏதோ ஆசாரம் என்று நினைத்தேன். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. வீட்டின் முன்பாகத்தில் அத்தானின் லேத் பட்டறை இருக்கிறது. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், ஒரு சாணைக்கல், ஒரு உதவிப் பையன். அதைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். தாண்டுகிறவர்கள் செருப்பில் இரும்புத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிடும். அக்கா மகள் தவழ்கிற வயசில் அப்படி ஒரு துணுக்கு அவள் முழங்காலில் ஏறி, இரண்டு நாள் கழித்துச் சீழ் வைத்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. அன்றைக்கு மாட்டிய பிரஷ் அது.

"லேத்தாவது, சுருளாவது! அடுப்பில் பால் பொங்குகிறது" என்று சகோதரிகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பாலைப் பற்றியும், வளையலைப் பற்றியும், ஒரு குடும்பத்தின் காலேஜ் சம்பளத்தைப் பற்றியும் இதில் சொல்லப் போகிறேன்.

வளையல் முதலில். அக்காவுக்குக் கல்யாணமான வருஷம் எனக்குப் பன்னிரண்டு வயசு. கோடை விடுமுறைக்குக் கடலூர் வந்திருந்தேன். அத்தான் துறைமுகத்து மீன்பிடிப் படகு ஒன்றின் ஷாஃப்டைக் கடைந்துகொண்டிருந்தார். நீளமான இரும்புத் தண்டு கிறுகிறு என்று சுற்றியது. அதன் மேல் ஒரு சிறு உளி ஊர்ந்தது. உளியின் முனையிலிருந்து சுருள் சுருளாக நாடா கிளம்பி வந்தது. வெறும் இரும்பு நிறமாக இருந்தால் சும்மா இருந்திருப்பேன். அது நீலமும் ஊதாவுமாக, மயில் கழுத்து மாதிரி மின்னியது. டிரேயில் விழுந்த ஒன்றை எடுத்து மணிக்கட்டில் மாட்டிக்கொண்டேன்.

சுட்டது முதலில், கிழித்தது அப்புறம்.

அத்தான் லேத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். திட்டவில்லை. என் கையைக் குழாயடியில் வெகு நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். "அது வளையல் இல்லேம்மா, கத்தி. சூடான கத்தி. நீலமா வருதேன்னு ஆசைப்பட்டே. நீலம்னா அவ்வளவு சூடு ஏறியிருக்குன்னு அர்த்தம்" என்றார். அந்த நீலம் வருவதற்கு இரும்பு சுமார் 300 டிகிரி சூடேற வேண்டும் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். நம் வீட்டில் வடை பொரிகிற எண்ணெய்க்கு 180 டிகிரி இருந்தால் ஜாஸ்தி. மணிக்கட்டில் அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. கடிகாரப் பட்டையால் மறைத்துக்கொள்கிறேன்.

லேத் வேலை ஒன்றும் புரியாத வித்தை அல்ல. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களை மரத்தில் கடைகிறார்களே, அதேதான். மரத்துக்குப் பதில் இரும்பு. சாமான் சுற்றும், உளி நிற்கும். சாமான் மெலிய மெலியச் சீவல் விழும். ஆனால் மரம் சீவுகிற மாதிரி இரும்பு சாதுவாகச் சீவப்படுவதில்லை. உளியின் முனையில் அது நசுங்கி, வழுக்கி, கிழிந்து வருகிறது. அந்த மல்லுக்கட்டில் செலவாகிற பலமெல்லாம் சூடாக மாறிவிடுகிறது. அந்தச் சூட்டின் பெரும்பகுதியைச் சுருள்தான் தூக்கிக்கொண்டு போகிறது. மிச்சம் உளிக்கும் சாமானுக்கும் பங்கு.

இந்தச் சூட்டை வைத்து அடுப்பில்லாமல் தண்ணீர் கொதிக்க வைத்த ஒரு மகானுபாவர் உண்டு. ரம்ஃபோர்டு பிரபு என்று பெயர். ஜெர்மனியில் மியூனிக் நகரத்து ஆயுதச்சாலையில் பீரங்கிக்குத் துளை போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, 'இத்தனை சூடு எங்கிருந்து வருகிறது?' என்று சந்தேகம் பிடித்துக்கொண்டது. ஒரு பீரங்கி உருளையைத் தண்ணீர்ப் பெட்டிக்குள் வைத்து, வேண்டுமென்றே மழுங்கிய உளியைக் கொடுத்து, குதிரைகளை விட்டுச் சுற்ற வைத்தார். சுமார் எட்டரை லிட்டர் தண்ணீர் இரண்டரை மணி நேரத்தில் தளதளவென்று கொதித்தது. நெருப்பில்லாமல் கொதித்த தண்ணீரைப் பார்த்து நின்றவர்கள் வாய் பிளந்தார்களாம். 1798-ல் இதை எழுதி வெளியிட்டார். இதே மனிதர்தான் சமையலறை அடுப்பையும் குளிர் காயும் கணப்பையும் புகையாமல் எரிய வைக்க வழி சொன்னவர் என்பதை நம் சார்பில் நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

மழுங்கிய உளி என்றேன் அல்லவா? சூட்டை அடக்காவிட்டால் நல்ல உளியும் மழுங்கிப் போகும். சாமானும் சூட்டில் விரிந்து, அளவு தப்பிவிடும். சூடாயிருக்கும்போது சரியாக இருந்த ஷாஃப்ட் ஆறினபின் இளைத்திருக்கும். படகுக்காரர் வந்து நிற்பார். அதனால்தான் அந்த வெள்ளைத் தண்ணீர்.

டிரேக்கு அடியில் தொட்டி; தொட்டியில் பால் போல ஒரு திரவம். பம்பு அதை இழுத்து உளி முனையில் ஊற்ற, அது வழிந்து டிரேயில் விழுந்து, ஜல்லடை வழியாகத் தொட்டிக்கே திரும்பும். பட்டறையில் 'கூலண்ட்' என்பார்கள். பழைய ஆட்கள் 'சோப்பு எண்ணெய்த் தண்ணி' என்பார்கள். நமக்கு இது புதுசா? கிரைண்டரில் மாவு சூடேறாமல் இருக்கக் கைத்தண்ணீர் தெளிக்கிறோம். மிக்ஸியில் சட்னிக்குக் குளிர்ந்த தண்ணீர் விடுகிறோம். சாணை பிடிக்கிறவன் அரிவாள்மணைக்குச் சொட்டுச் சொட்டாக நீர் விடுவதைப் பார்த்திருக்கிறோம். அதே யோசனை. வெறும் தண்ணீர் குளிர வைக்கும். ஆனால் துருப்பிடிக்கும், வழுக்காது. வெறும் எண்ணெய் வழுக்கும். ஆனால் தண்ணீர் அளவுக்குக் குளிர வைக்காது. இரண்டையும் சேர்த்துவிட்டால் பால் நிறம்.

அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் ஓர் உருக்காலையில் வேலை பார்த்த டெய்லர் என்பவர், உளி முனையில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றினால் முப்பது, நாற்பது சதவிகிதம் வேகமாக வேலை நடக்கிறது என்று 1880-களில் கண்டுபிடித்தார். துருப்பிடிக்காமலிருக்கச் சோடா உப்பைக் கரைத்து விட்டார். 1884-ல் கட்டிய பட்டறையில் ஒவ்வொரு மிஷினுக்கடியிலும் தட்டு வைத்து, தண்ணீர் ஒரு பொதுத் தொட்டிக்குத் திரும்ப ஏற்பாடும் செய்தார். வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்த்தார்களே தவிர, பல வருஷம் மற்றப் பட்டறைகள் அதைப் பின்பற்றவில்லை. நல்ல யோசனைகளின் தலையெழுத்து எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

சுருளுக்கு ஒரு குணம் என்றில்லை. ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒன்று. வார்ப்பிரும்பு சுருளவே சுருளாது. வறுத்த ரவை போலக் கறுப்பாக உதிரும். அதற்குள்ளேயே கிராஃபைட் இருப்பதால் கூலண்ட் வேண்டாம்; ஊற்றினால் தூளெல்லாம் சேறாகித் தொட்டியை அடைத்துக்கொள்ளும். பித்தளை பொரி மாதிரித் தெறிக்கும். கண்ணாடி போடாமல் கிட்டப் போகக் கூடாது. அலுமினியம் ஒரே பிசுக்கு. உளி முனையில் அப்பிக்கொண்டு விடாது. அதற்கு அத்தான் கொஞ்சம் மண்ணெண்ணெய் தடவுவார். "பண்ருட்டிப் பலா அரியறப்போ உங்கக்கா கத்தியிலே எண்ணெய் தடவறாளே, அது மாதிரி" என்பார்.

மோசமான பேர்வழி சாதாரண இரும்புதான். அறுபடாமல் கஜக்கணக்கில் நாடா விடும். அந்த நாடா சுற்றுகிற சாமானில் சிக்கினால் சாட்டை மாதிரிச் சுழற்றி அடிக்கும். பார்க்கிறவர்களுக்குக் கையால் பிடித்து இழுத்துவிடலாம் என்று தோன்றும். ஒரு நாளும் கூடாது. லேத்தை நிறுத்தி, கொக்கி போட்டு இழுக்க வேண்டும். அந்தக் கொக்கிக்கு வளையப் பிடி வைக்கக் கூடாது. சுருள் கொக்கியை இழுத்தால் விரலும் கூடப் போய்விடும். கையுறை போட்டுக்கொள்ளலாமே என்று நான் ஒரு தரம் கேட்டேன். "கையுறையைத்தான் முதல்லே பிடிச்சு இழுக்கும்" என்றார் அத்தான்.

கெட்டிக்காரக் கடைசல்காரர் நாடாவை வளரவே விடமாட்டார். உளியின் முனைக்குச் சற்றுப் பின்னால் ஒரு சின்னப் பள்ளம் தீட்டி வைத்திருப்பார். நாடா அதில் முட்டி, மடங்கி, முறிந்து, குட்டிக் குட்டியாக விழும். 6, 9 என்று எண் எழுதினது மாதிரி துண்டுகள் விழுந்தால் வேலை சுத்தம். பட்டறைக்கு வருகிறவர்கள் சாமானைப் பார்ப்பதற்கு முன் டிரேயைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். சமையற்காரியின் கைத்திறனை எச்சில் இலையில் பார்க்கிற மாதிரி என்று அக்கா சொல்வாள்.

2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி விடியற்காலையில் 'தானே' புயல் கடலூரை அடித்தது பலருக்கும் நினைவிருக்கும். பண்ருட்டிப் பக்கம் பலா மரமும் முந்திரி மரமும் வேரோடு சாய்ந்தன. மின்சாரக் கம்பங்கள் தீக்குச்சி மாதிரி முறிந்தன. அக்கா தெருவில் பதினாறு நாள் விளக்கு எரியவில்லை. லேத்தும் நின்றது. நான் அப்போது காலேஜில் கடைசி வருஷம். அரிசியும் மெழுகுவத்தியும் தூக்கிக்கொண்டு பொங்கல் சமயத்தில் போய்ச் சேர்ந்தேன்.

மின்சாரம் வந்த அன்றைக்கு அத்தான் ஆசையாகப் பம்பைப் போட்டார். அடுத்த நிமிஷம் தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டது. அழுகின முட்டை நாற்றம்! பதினாறு நாள் அசையாமல் கிடந்த தண்ணீர் கெட்டுப் போயிருந்தது. லேத்தின் பல்சக்கரங்களுக்குப் போடும் எண்ணெய் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் கலந்து, மேலே ஆடை கட்டி, காற்றுப் புகாமல் மூடிவிடும். காற்றில்லாத இடத்தில்தான் வாழ்வோம் என்கிற கிருமிகள் உண்டு. அவற்றுக்கு இது கல்யாணச் சாப்பாடு. பெரிய தொழிற்சாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமை லீவு முடிந்து திங்கட்கிழமை காலை இந்த நாற்றம் வருவதுண்டாம். பாத்திரம் கழுவாமல் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பின அனுபவம் நமக்கும் இருக்கிறதே!

அத்தான் முண்டாசு கட்டிக்கொண்டு, வெறுங்கையால் தொட்டியின் அடியில் படிந்த சேற்றை வழித்துப் போட்டார். அந்தச் சேறு என்பது முழுக்க நுணுக்கமான இரும்புத் தூள். கையில் எத்தனை கீறல் என்று அவர் எண்ணவில்லை. அவர் கை ஏற்கெனவே சரியில்லை. வருஷக் கணக்காகக் கூலண்டில் நனைந்து, சாயங்காலம் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவி, விரலிடுக்கெல்லாம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. மூன்றாம் நாள் வலது கை ஆள்காட்டி விரல் வீங்கியது. நாலாம் நாள் முழங்கை வரை சிவந்தது. ஆஸ்பத்திரியில் விரலைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். "விரல் தப்பினதே பெரிய விஷயம்" என்றார் டாக்டர். இரண்டு மாசம் லேத்தைத் தொடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

அந்த இரண்டு மாசம் அந்த வீடு எப்படி ஓடியது என்பதை நான் கிட்ட இருந்து பார்த்தேன். புயலில் படகுகள் உடைந்து வேலை குவிந்து கிடக்கிறது. செய்கிற கை கட்டுப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. அக்கா அழவில்லை. பட்டறையின் பின்புறம் போய், மூலையில் மலையாகக் குவிந்திருந்த சுருளைப் பார்த்தாள். பழைய இரும்புக் கடைக்காரர் மாசத்துக்கு ஒரு தரம் வந்து குத்துமதிப்பாக அள்ளிக்கொண்டு, கொடுத்ததைக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். "இதிலே பித்தளையும் கலந்திருக்கே, இரும்பு விலைக்கா போடறீங்க?" என்று அவள் கேட்டாள். "அதைப் பொறுக்க யாருக்கு நேரமிருக்கு?" என்றார் அத்தான்.

அக்காவுக்கு இருந்தது. பழைய ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து காந்தத்தைக் கழற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக்கொண்டாள். பித்தளைக் குவியலில் அதைத் துழாவினால் இரும்பெல்லாம் பையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பித்தளை ஒட்டாது. பையை உருவினால் இரும்பு பொலபொலவென்று கீழே விழும். அரிசியில் கல் பொறுக்கின கைக்கு இது எம்மாத்திரம்! இரும்புக்கு ஒரு டிரம், வார்ப்பிரும்புத் தூளுக்கு ஒன்று, பித்தளைக்கு ஒரு தகரம் என்று பிரித்து வைத்தாள். ஈரத்தோடு கொடுத்தால் எடையில் கழிக்கிறார்கள் என்று தெரிந்ததும், ஓட்டை போட்ட தகரத்தில் ஒரு ராத்திரி வடிய விட்டாள். வடிந்த கூலண்ட் தொட்டிக்கே திரும்பியது. அதிலும் லாபம். 'சுருள் பணம்' என்று தனிக் கணக்கு ஒன்று அப்போது பிறந்து, இன்று வரை அவள் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் நோட்டுப் புத்தகமாக இருக்கிறது. அந்தப் பணத்தை அவள் வேறு எதற்கும் தொட்டதில்லை.

இந்தச் சேமிப்புக்கு ஒரு நாள் ஆபத்து வந்தது. சில வருஷங்களுக்குப் பிறகு ஒரு மார்கழி விடியற்காலை. கோலம் போட வந்த அக்கா, போகிற போக்கில் வார்ப்பிரும்புத் தூள் டிரம்மில் கை வைத்தாள். பனியில் சில்லென்று இருக்க வேண்டிய டிரம் வெந்நீர் அண்டா மாதிரிச் சுட்டது. பக்கத்தில் நெருப்பே இல்லை! அலறிக்கொண்டு வாளித் தண்ணீர் எடுக்க ஓடினவளை அத்தான் தடுத்துவிட்டார். எண்ணெயும் ஈரமுமாக இருக்கிற நுணுக்கமான இரும்புத் தூள் குவியலாகக் கிடந்தால், உள்ளே வேகமாகத் துருப்பிடித்து, துருப்பிடிப்பதாலேயே சூடேறும். சூடு வெளியே போக வழியில்லாவிட்டால் புகைந்து பற்றிக்கொள்ளவும் செய்யும். ஈரத்தோடு அடுக்கின வைக்கோற்போர் தானாக எரிகிறதல்லவா, அந்தக் கதைதான். கப்பலில் இந்தச் சரக்கை ஏற்றுவதற்கே சர்வதேச விதிகளில் தனி எச்சரிக்கை இருக்கிறது. இருவரும் முறத்தால் தள்ளித் தள்ளி, சிமெண்டுத் தரையில் மெல்லிசாகப் பரப்பி ஆற வைத்தார்கள். அன்றைக்கு வாசலில் கோலம் விழவில்லை. அதற்கப்புறம் தூள் டிரம் நிரம்பக் காத்திருப்பதில்லை; வாரம் தவறாமல் போய்விடுகிறது.

முழங்காலில் துணுக்கு ஏறினாளே, அந்தப் பெண் வளர்ந்து இப்போது சிதம்பரத்தில், அண்ணாமலை சர்வகலாசாலையில் மெக்கானிகல் இஞ்சினீயரிங் படிக்கிறாள். முதல் வருஷச் சம்பளத்தில் பெரும்பகுதி சுருள் பணம். 1929-ல் தோன்றின அந்தச் சர்வகலாசாலையில் பொறியியல் கல்வி 1945 முதல் நடந்து வருகிறது. ஆனால் தன் பெண் அங்கே போய் லேத் முன்னால் நிற்கிறாள் என்பதை அக்காவால் ஜீரணிக்க முடியவில்லை. "அப்பா கையைப் பார்த்துமா இந்தப் படிப்பு?" என்று மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாள். "அப்பா கையைப் பார்த்ததாலேதாம்மா" என்றாள் பெண்.

சென்ற தீபாவளிக்கு அவள் வந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. பையிலிருந்து ஒரு சின்னத் தூரதிருஷ்டிக் கண்ணாடி மாதிரி எடுத்தாள். கரும்புச் சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்க வயலில் உபயோகிப்பார்களே, பிரிக்ஸ் மீட்டர், அதேதான். நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த சாமான். ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் கூலண்டில் எண்ணெய் எத்தனை பங்கு என்று கணக்குப் போட்டுவிடலாம். அத்தான் சிரித்தார். இரண்டு விரலைத் தொட்டியில் விட்டு, தேய்த்துப் பார்த்து, "ஐஞ்சு பர்சென்ட். இருபது லிட்டர் தண்ணிக்கு ஒரு லிட்டர் எண்ணெய். முப்பது வருஷத்துக் கை சொல்லுது" என்றார்.

கண்ணாடி ஒன்றரை என்றது.

அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. மறுபடி பார்க்கச் சொன்னார். மறுபடியும் ஒன்றரை. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, பையன் வெறும் தண்ணீரையே ஊற்றி நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறான். டிரேயிலும் சாமானிலும் ஒட்டிக்கொண்டு போன எண்ணெயை யாரும் திருப்பி ஊற்றவில்லை. மேலே மிதந்த மிஷின் எண்ணெய்தான் அத்தானின் விரலை ஏமாற்றியது. மழைக்காலத்தில் சாமானெல்லாம் துருப்பிடிக்கிறதே என்று அவர் புலம்பிக்கொண்டிருந்ததற்கும் அதுதான் காரணம். எண்ணெய் குறைந்தால் துருவும் நாற்றமும். கூடினால் நுரையும் கை எரிச்சலும். அத்தான் அரை மணி நேரம் பேசவில்லை. பிறகு அந்தக் கண்ணாடியை வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவள் சிதம்பரம் திரும்பும்போது அது அவளிடம் போகவில்லை.

புதுக் கூலண்டை அவளே கலந்தாள். தண்ணீரில்தான் எண்ணெயை விட வேண்டும். கிளறிக்கொண்டே மெல்ல விட வேண்டும். எண்ணெயில் தண்ணீரை விட்டால் திரிந்த மோர்க்குழம்பு மாதிரிக் கட்டி தட்டிப்போகும். தெருக் குழாய்த் தண்ணீரா, உப்புக் கரிக்கும் கிணற்றுத் தண்ணீரா என்பதும் முக்கியம். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது என்பது நமக்குத் தெரியும். கூலண்டும் அப்படித்தான், பிரிந்து ஏடு கட்டும், இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். அவள் குடிக்கிற தண்ணீரையே எடுத்துக்கொண்டாள். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. தினம் காலையில் மேலே மிதக்கிற எண்ணெயை வழித்தெடுக்க ஒரு பழைய கரண்டி. லீவு நாளில் தண்ணீர் அசையாமல் கிடக்காதிருக்க, மீன் தொட்டியில் குமிழி விடுகிற சின்னப் பம்பு ஒன்று. "லேத்துக்குள்ளே மீன் வளர்க்கிறாளா உன் பேத்தி?" என்று எதிர் வீட்டுப் பாட்டி அக்கா மாமியாரைக் கேட்டாளாம்.

பழைய தண்ணீர் எங்கே போயிற்று என்று கேட்கிறீர்களா? முன்னெல்லாம் கொல்லைச் சாக்கடைக்குத்தான் போகும். அதன் ஓரத்தில் இருந்த கருவேப்பிலை மரம் பட்டுப்போனதற்கு மழை இல்லாததுதான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. உப்பனாறு கெட்டுப்போச்சு என்று பெரிய தொழிற்சாலைகளைத் திட்டுகிற வீடுதான் இதுவும். உபயோகித்த எண்ணெய் 2016-ஆம் வருஷத்து விதிகளின்படி அபாயக் கழிவில் சேர்த்தி. இப்போது அதற்குத் தனி கேன் இருக்கிறது. பழைய எண்ணெய் எடுக்க அனுமதி உள்ளவர்களிடம் போகிறது. அக்கா புதுக் கருவேப்பிலைக் கன்று ஒன்று நட்டிருக்கிறாள், கொஞ்சம் தள்ளி.

அத்தானின் கைக்கும் விதிகள் வந்தன. மண்ணெண்ணெய்க்குப் பதில் சாதாரண சோப்பு. ராத்திரி படுக்கும் முன் தேங்காய் எண்ணெய். கை துடைக்கிற பனியன் வேஸ்ட் துணியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலையக் கூடாது. அதில் தூள் இருக்கும். தொடையில் எண்ணெய் ஊறும். பட்டறைச் சட்டைக்குத் தனி வாளி. வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைத்து, பாவாடை நாடாவில் இரும்புத் தூள் குத்தின அனுபவம் அக்காவுக்கு நிறைய உண்டு.

இவ்வளவும் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கையில் நான் ஒரு தப்புச் செய்தேன். பத்திரிகைக்காரியின் வாய் சும்மா இருக்குமா? 2011-ல் அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையில், ஒரு மாணவி ராத்திரி நேரத்தில் பட்டறையில் தனியாக வேலை செய்துகொண்டிருந்தபோது தலைமயிர் லேத்தில் சிக்கி உயிர் விட்ட செய்தியை அக்காவிடம் சொல்லிவிட்டேன். நல்ல கெட்டிக்காரப் பெண். படிப்பு முடிகிற சமயம். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் மகளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற பின்னல். அந்தப் பின்னலுக்குச் சீயக்காய் அரைத்தது, சாம்பிராணி போட்டது, பேன் பார்த்தது எல்லாம் அக்கா. இரவு பன்னிரண்டு மணிக்கு மகளுக்கு டெலிபோன் செய்து, "வெட்டிக்கோடி" என்று அழுதாள்.

"வெட்ட வேண்டாம்மா. கொண்டை போட்டுத் தொப்பிக்குள்ளே அடக்கினாப் போதும். துப்பட்டா கூடாது, வளையல் கூடாது, தனியா வேலை செய்யக் கூடாது. அத்தனையும் எனக்குத் தெரியும். நீ தூங்கு" என்று பதில் வந்தது.

அக்கா தூங்கவில்லை. மறுநாள் தையல் மிஷினைத் தூசி தட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மார்கழித் திருவாதிரைக்கு அக்காவும் நானும் சிதம்பரத்துக்கு ரயிலேறினோம். நாற்பத்தைந்து கிலோமீட்டர் பிரயாணம். வழியில் பரங்கிப்பேட்டை வந்ததும், சேலத்துப் பக்கத்து இரும்புக் கல்லைக் கொண்டுவந்து 1830 வாக்கில் அங்கே இரும்பாலை வைத்த ஹீத் துரையின் கதையை அக்காவுக்குச் சொன்னேன். ஆலை நிலைக்கவில்லை. துரை சீமைக்குத் திரும்பினார். உருக்கில் மாங்கனீசு சேர்க்கிற முறைக்கு 1839-ல் அவர் பேடண்ட் வாங்கியதும், ஷெஃபீல்டில் உருக்குச் சாமான் மலிவானதும் தனிக் கதை. "நம்ம பக்கத்து மனுஷர்தானா!" என்றாள் அக்கா. மனசு அதில் இல்லை. மடியில் இருந்த காகிதப் பொட்டலத்தை அடிக்கொரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூலவரே வீதிக்கு எழுந்தருளுகிற அதிசயம் சிதம்பரத்தில்தான். தரிசனம் முடிந்து, கூட்டத்தில் நசுங்கி, கீழ வீதியில் ஒரு கடை வாசலில் ஒதுங்கினோம். பெண் அங்கே வந்து சேர்ந்தாள். அக்கா பொட்டலத்தைப் பிரித்தாள். அத்தானின் பழைய காக்கிச் சட்டையை வெட்டித் தைத்த தொப்பி. முன்பக்கம் நெற்றிக்கு இறக்கம், பின்பக்கம் கொண்டை அடங்குகிற அளவுக்குப் பை, ஓரம் முழுக்க எலாஸ்டிக். கட்டுகிற நாடா ஒன்றுகூட இல்லை. "தொங்கற நாடாவும் ஆபத்துதானே" என்றாள்.

நடுத்தெருவில், அத்தனை ஜனங்களுக்கு மத்தியில், பெண் பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டுக்கொண்டு தொப்பியை மாட்டினாள். காதோரம் இரண்டு முடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அக்கா விரலால் அதை உள்ளே தள்ளினாள். மறுபடி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, பின்கழுத்தில் இருந்த ஒன்றையும் தள்ளினாள்.

மகளுக்கென்று கடலூரிலிருந்து தொடுத்துக்கொண்டு வந்த மல்லிகைப்பூ கையிலேயே இருந்தது. வைக்க இடமில்லை. ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "நீ திரும்புடி" என்று என்னைப் பிடித்து நிறுத்தி, என் தலையில் வைத்தாள்.